பழைய கட்டடம் என்று எழுத வேண்டாம்

ராமநாதபுரத்துக்கு வெளியே, மிளகாயும் நெல்லும் விளைந்த நிலத்தில் கல் ஊன்றி பிளாட் போட்டபோது முதலில் குடிவந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். அப்போது எங்கள் தெருவில் நான்கே வீடுகள். வாசலில் நின்றால் கண்மாய்க் கரை வரைக்கும் பார்வை போகும். என் மகள் நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வருவதற்குள் கரை மறைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் பூசாத செங்கல் சுவர்கள், சிண்டெக்ஸ் தொட்டிகள், தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் குடங்கள். திருவாடானைப் பக்கம் விவசாயத்தை விட்டவர்கள் வந்தார்கள். உப்பூர்ப் பக்கம் கட்டுமான வேலைக்குப் போய்வருகிறவர்கள் வந்தார்கள். ராமேஸ்வரம் தீவிலிருந்து கடலை விட்டவர்களும் வந்தார்கள்.

இத்தனை பேருக்கும் இருந்தது ஒரே ஒரு அரசு தொடக்கப் பள்ளி. பிளாட் போடுவதற்கு முன்பு அங்கே இருந்த சிறிய குடியிருப்புக்காகக் கட்டியது. வகுப்பறை இரண்டு, வகுப்பு ஐந்து. பின்பக்கம் ஒரு பழைய கட்டடம் பூட்டியே கிடந்தது. உப்புக் காற்றில் கூரைக் கம்பிகள் துருவேறி, அங்கங்கே சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரியும். கதவில் சிவப்புப் பெயிண்டில் ‘பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லியே பல வருடம் போயிருந்தது.

நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க யாருக்காவது எதையாவது தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். என் கணவர் சவுதியில் இருக்கிறார். எந்தச் சொல் இருந்தால் மனு மேசையில் தங்கும், எந்தச் சொல் இருந்தால் மறுநாளே திரும்பி வரும் என்பது எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் பக்கத்து மனைக்கு ஒரு அக்கா தீவிலிருந்து வந்தாள். அவள் கணவர் எல்லை தாண்டினார் என்று இரண்டு முறை இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். மூன்றாம் முறைக்கு விட மாட்டேன் என்று அவள்தான் குடும்பத்தை இந்தப் பக்கம் இழுத்து வந்தாள். அவர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தார். அவள் தெருத்தெருவாக மீன் விற்றாள். ஒரே மகள். என் மகள் வயது.

வந்த முதல் வாரமே அக்கா என்னிடம் கேட்டாள். “காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேளு, சொல்லுவேன் தங்கச்சி. பள்ளிக்கூடத்தப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மஞ்ச வேன் வருதே, அதுல ஏத்தி விடவா? இல்ல இங்கனயே போடவா?”

“இங்கனயே போடுக்கா,” என்றேன். “எல்லாரும் வேன்ல ஏத்தி அனுப்பிட்டா, இந்தப் பள்ளிக்கூடத்த யாரு கேப்பா? நம்ம பிள்ளைக அங்கன படிச்சாத்தான் நாம போய்க் கேக்க முடியும்.”

அவள் உடனே சரி என்றாள். நான் சொன்னது எனக்கே அழகாக இருந்தது.

கேட்பதற்கு நிறைய இருந்தது. இரண்டு ஆசிரியர்கள், அதில் ஒருவர் பாதி நாள் வேறு வேலைக்குப் போய்விடுவார். கழிப்பறையில் தண்ணீர் வராது. மூன்றாம் வகுப்புக்கு அறையே கிடையாது, வராந்தாதான் வகுப்பு. பாடம் நடக்கும்போது சத்துணவுக்கூடப் புகை பிள்ளைகளின் கண்ணில் ஏறும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக ஒரு தாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றபோது எல்லோரும் என்னையே கைகாட்டினார்கள். எழுதத் தெரிந்தவள் என்பது ஒரு காரணம். உரக்கப் பேசுகிறவள் என்பது இன்னொன்று.

திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். நிதி வந்ததும் கட்டப்படும் என்று வரும். ஒருமுறை எங்கள் மனுவுக்கு வேறு ஏதோ ஊரின் பள்ளிக்கான பதில் வந்தது. அத்தனையையும் கோப்பில் வைத்துப் பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு நின்று, தலைமையாசிரியையைத் திட்ட ஆரம்பிப்பார்கள். அவர்தான் கண் முன்னால் இருந்தார்.

அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். ஐம்பதைத் தாண்டியவர். அதிர்ந்து பேசாதவர். நாங்கள் என்ன கத்தினாலும், “மேல எழுதியிருக்கேம்மா” என்பதுதான் பதில். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த அம்மா மேசையைத் தட்டிக் கேட்டிருந்தால் எப்போதோ கட்டடம் வந்திருக்கும் என்று நினைப்பேன். அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சாரல் வராந்தா முழுக்க அடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், என் மகளும் அக்கா மகளும் உட்பட, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டே பாடம் படித்தார்கள். தீவுக்கார அக்காவின் மகளுக்கு நெஞ்சுச்சளி கட்டி ஒரு வாரம் படுத்தாள். பெற்றோர் பதினைந்து இருபது பேர் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான் முன்னால் போனேன்.

“பின்னாடி ஒரு கட்டடம் சும்மா பூட்டிக் கெடக்கு. அதத் தொறந்து விடுங்க டீச்சர்,” என்றேன்.

“அது ஆகாதும்மா. இன்ஜினியர் வந்து பாத்து எழுதிக் குடுக்காம அத நான் தொறக்கக் கூடாது.”

“இன்ஜினியர் எப்ப வருவாரு? பிள்ளைக காஞ்சு, மறுபடி நனஞ்சு, காய்ச்சல்ல கெடந்த பிறகா? இத்தன வருசமா விழாத கட்டடம் இந்த மழையிலயா விழப்போகுது?”

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். ஒருவர், பூட்டை நாங்களே உடைப்போம் என்றார். பெரிய டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “குழு தீர்மானம் போட்டுக் குடுங்க,” என்றார்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அவர் மேசையிலேயே, அவர் பேனாவிலேயே. முதல் வரியை எழுதப் போகும்போது நிறுத்தி, “பழைய கட்டடம்னு எழுத வேண்டாம் டீச்சர். எழுதுனா நாளைக்கு யாராவது எடுத்துக் காட்டி நிறுத்திருவாங்க,” என்றேன். ‘மழைக்காலம் முடியும்வரை பள்ளி வளாகத்தினுள் உள்ள இடவசதியைக் கொண்டு மூன்றாம் வகுப்பிற்குத் தகுந்த ஏற்பாடு செய்துதருமாறு தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்வது’ என்று எழுதினேன். நல்ல வரி. எந்த அலுவலகத்திலும் திரும்பி வராது. பெரிய டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். அவருக்கு அது புரிந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

மறுநாள் நாங்களே போய்க் கூட்டிப் பெருக்கிக் கழுவிவிட்டோம். அக்கா சுவரில் ஒரு மாதா படம் மாட்டினாள். பிள்ளைகள் நனையாமல் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அதற்கு மேலேயே இருந்தது. வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் என் மகள் பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள். விரித்ததும் நடு மடிப்பிலிருந்து வெள்ளையாகத் தூள் தரையில் கொட்டியது.

“இது என்னடி?”

“மேல இருந்து கொட்டுதும்மா. மாவு மாதிரி. அவ தலையில கொட்டி கெழவி மாதிரி ஆயிட்டா,” என்று சிரித்தாள். ‘அவ’ என்றது தீவுக்கார அக்காவின் மகளை.

நான் நோட்டை வாசலில் தட்டினேன். தரையைத் துடைத்தேன். நாளைக்குப் பெரிய டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். அன்று இரவு என் மகளுக்கு உடம்பு சுட்டது. காலையில் அவளைப் படுக்க வைத்து, பார்த்துக்கொள்ள என் அம்மாவை வரச்சொல்லிவிட்டு, அவசரமாக மையத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

முற்பகலில் போன் வந்தது. யார் பேசியது என்று இப்போது நினைவில்லை. “மேல இருந்து விழுந்திருச்சு” என்ற வார்த்தை மட்டும் இருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளை எல்லாம் வேப்பமரத்தடியில் மழையிலேயே நிறுத்தியிருந்தார்கள். பெரிய டீச்சர் இல்லை. அக்காவின் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைக்கு ஓடி, வந்த ஆட்டோவை மறித்து ஏறிவிட்டார் என்றார்கள். கூரைப் பூச்சு ஒரு பாயளவுக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. அக்கா மகளுக்குத்தான் தலையின் வலப்பக்கத்திலும் தோளிலும் பலத்த அடி. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பைகள், சிலேட்டுகள் எல்லாவற்றின் மேலும் அதே வெள்ளைத் தூள். அன்றைக்கு யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள், என் மகள் வந்திருந்தால் எங்கே இருந்திருப்பாள் என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

மத்தியானம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மறியல். எல்லோரும் என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். பஸ்கள் நின்றன, அதிகாரிகள் வந்தார்கள். “பூட்டின கட்டடத்த யாரு தொறந்தது?” என்று கூட்டத்தில் யாரோ கேட்க, “பெரிய டீச்சர்” என்று பல குரல்கள் சேர்ந்து சொல்லின. பூட்டைத் திறக்கச் சொல்லி நனைந்துகொண்டு போன அதே ஆட்கள். அவர்கள் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டோம், திறந்தது அவர், அவ்வளவுதான் அவர்களுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவரைப் பணியிடை நீக்கம் செய்ததாக அறிவித்தார்கள். கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. அதிகாரி தீர்மானப் புத்தகத்தைப் புரட்டி, “பழைய கட்டடத்தில் உட்கார வைக்கச் சொன்னீங்களா?” என்று என்னைக் கேட்டார். பெரிய டீச்சர் எதிரே நின்றார். அவர் சேலையின் தோள்பக்கம் சரியாகப் போகாத ஒரு கறை இருந்தது.

“இடம் பாத்துக் குடுங்கன்னு கேட்டோம் சார். எந்த எடம்னு தீர்மானத்துல இல்ல,” என்றேன்.

அதிகாரி வாசித்துப் பார்த்துவிட்டு, இல்லைதான் என்றார். பெரிய டீச்சர் பக்கம் திரும்பி, “நீங்க ஏதாவது சொல்றீங்களா?” என்றார்.

“இல்ல சார்,” என்றார் அவர்.

அக்காவின் மகள் மதுரை ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தாள். தையல் ஆறியது, முடி வளர்ந்து மறைத்தது. வலது காது கேட்காமல் போய்விட்டது. பார்க்கப் போகும்போதெல்லாம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுவாள். “நீ இல்லாட்டி என்ன செஞ்சிருப்பேன் தங்கச்சி,” என்பாள். உதவித்தொகைக்கு, மருத்துவச் செலவுக்கு என்று எல்லா மனுவையும் நான் எழுதிக் கொடுத்தேன். ராப்பகலாக எழுதினேன். அவள் நன்றி சொல்லச் சொல்ல நான் இன்னொரு மனுவை எடுத்து எழுதுவேன்.

அத்தனை வருடம் வராத கட்டடம் அடுத்த மழைக்குள் வந்துவிட்டது. டைல்ஸ் தரை, மின்விசிறி, மூன்று பெரிய அறைகள். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “இந்த அம்மா போராடலன்னா இது வந்திருக்காது,” என்று மைக்கில் சொன்னார்கள். கீழே முதல் வரிசையில் அக்கா மகளோடு உட்கார்ந்து கைதட்டினாள். மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று அந்தப் பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது.

பழைய கட்டடத்தை இடித்து மண்ணைப் போட்டுச் சமன் செய்துவிட்டார்கள். இப்போது அங்கே வெறும் மைதானம். ஆனால் ஓடிப் பிடித்து விளையாடுகிற பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்ததும் சுற்றிக்கொண்டு ஓடுகின்றன. சுவர் இன்னும் நிற்கிற மாதிரி. சம்பவத்துக்குப் பிறகு சேர்ந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அப்படித்தான் ஓடுகின்றன; அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சின்னது ஒன்றை நிறுத்தி, ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். “அங்கன வகுப்பு நடக்கு,” என்றது. என்னை விட்டால் போதும் என்று ஓடிவிட்டது.

கூரை விழுந்த சத்தத்தை நான் கேட்டதில்லை. நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் மழை பிடித்தால் எனக்கு அது கேட்கிறது. முதலில் மாவு சலிப்பதுபோல் ஒரு சன்னமான ஓசை, பிறகு ஒன்றுமில்லாத ஒரு நொடி, அப்புறம் அது. மையத்தில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போதும் வரும். நான் அண்ணாந்து கூரையைப் பார்ப்பேன். அவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

மூன்று வருடம் பொறுத்தேன். ஒரு சனிக்கிழமை, வேலைநாள் என்று விசாரித்துக்கொண்டு, நயினார்கோவிலுக்கு பஸ் ஏறினேன். பணியிடை நீக்கம் முடிந்து பெரிய டீச்சரை அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். தலைமையாசிரியையாக அல்ல, சாதாரண ஆசிரியையாக. நயினார்கோவிலில் இறங்கி, வயல்களுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போனேன். மொத்தமே பதினோரு பிள்ளைகள் உள்ள பள்ளி. அறைகள் நிறைய இருந்தன. எங்கள் பிள்ளைகள் நின்றுகொண்டு படித்தது நினைவுக்கு வந்தது.

அவர் என்னை அடையாளம் கண்டார். உட்காரச் சொன்னார். பிள்ளைகளுக்கு எழுதப் போட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையில் சொன்னது, தீர்மானத்தை எழுதிய விதம், கடைசியாக என் மகளின் நோட்டில் இருந்த தூள். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

“மாவு கொட்டுனது எனக்கும் தெரியும்,” என்றார் அவர். “அன்னைக்குக் காலையில தரையெல்லாம் கெடந்துச்சு. ஆயாவக் கூட்டச் சொன்னதே நான்தான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அப்பவே பிள்ளைகள வெளிய கூட்டிட்டு வந்திருக்கலாமே டீச்சர்,” என்று என்னையறியாமல் வந்துவிட்டது.

“வந்திருக்கலாம். வெளிய மழை. வராந்தாவுல நிறுத்துனா நீங்க எல்லாரும் மறுபடி வந்து நிப்பீங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு நெனச்சேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “விசாரணையில நான் ஏன் ஒண்ணும் சொல்லலன்னு நெனைக்கிறீங்க? உங்களக் காப்பாத்தவா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

“அந்தப் பிள்ளையோட அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“நானும் சொல்லல,” என்றார். ஒரு பிள்ளை நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவர் எழுந்து போனார். திரும்பி வரவில்லை. சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு நான் கிளம்பினேன்.

மறுநாள் ஞாயிறு. அக்கா பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். பெரிய டீச்சர் சொன்னதை நான் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. என்னுடையதை மட்டும் சொன்னேன். அக்கா கோவிலுக்குக் கட்டியிருந்த நல்ல சேலையோடு நின்றபடியே கேட்டாள்.

நான் முடித்ததும், “முந்தின நாளே தெரியுமா ஒனக்கு?” என்றாள்.

“தெரியும்க்கா.”

“காலையில எங்க வாசலக் கடந்துதான போன? நான் அவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கை ஆட்டுன.”

அது எனக்கு நினைவே இல்லை. இப்போது மறக்க முடியவில்லை.

“ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அவள அனுப்பிருக்க மாட்டேன்,” என்றாள். “நீ ஒம்மகள அனுப்பல.”

“அவளுக்குக் காய்ச்சலுக்கா. சத்தியமாக் காய்ச்சல்.”

அவள் என்னைப் பார்த்தாள். நம்புகிறாளா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை, தெருவில் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மீன் கூடை எங்கள் வாசலில் இறங்குவது நின்றது. பிள்ளைகள் இரண்டும் இன்னமும் சேர்ந்துதான் பள்ளிக்குப் போகின்றன. நடுநிலைப் பள்ளி சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. லாரி ஹாரன் அந்தப் பிள்ளைக்குச் சரியாகக் கேட்காது என்பதால் என் மகள் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்பாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு இ-சேவை மையத்துக்கு வந்தாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து மேசை காலியாக இருந்தது. அங்கே போகாமல் என் வரிசையில் நின்று, முறை வந்ததும் காகிதங்களை நீட்டினாள்.

“இதப் பதிஞ்சு குடுங்க மேடம்,” என்றாள்.

அங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பதிந்தேன். எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். பிறகு குறைபாடு ஏற்பட்ட காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. பிறவி, நோய், விபத்து என்று மூன்றும், மற்றவை என்று ஒன்றும் இருந்தன. மற்றவையைத் தொட்டால் எழுதுவதற்கு ஒரு காலி இடம் திறக்கும். அதில் எத்தனை எழுத்து போகும் என்பதுகூட எனக்குத் தெரியும். என் கை நின்றது.

அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விபத்துன்னு போடுங்க,” என்றாள்.

போட்டேன். அச்செடுத்துக் கொடுத்தேன். “மூணு வாரத்துல மெசேஜ் வரும்” என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அவள் இடது பக்கத்தை என் பக்கம் சாய்த்து, “என்ன சொன்னீங்க சித்தி?” என்றாள். இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.